சிட்னியில் இறங்கிய ஏழு குதிரைகள்: கேள்வி பதில்

கே: 1788-இல் ஆஸ்திரேலியாவில் குடியேற வந்த முதல் பிரிட்டிஷ் கப்பல்களோடு சிட்னிக்கு வந்த குதிரைகள் இங்கிலாந்துக் குதிரைகளா?

ப: இல்லை. வரும் வழியில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் வாங்கியவை. 1788 மே மாதக் கணக்கில் பொலிக்குதிரை ஒன்று, பெட்டைகள் மூன்று, குட்டிகள் மூன்று. அந்த முனைக்கே டச்சுக்காரர்கள் 1653-இல் ஜாவாவிலிருந்துதான் மட்டக்குதிரைகளைக் கொண்டுபோனார்கள்.

கே: கப்பலில் குதிரை வாந்தி எடுக்குமா?

ப: குதிரையால் வாந்தி எடுக்கவே முடியாது. வயிற்றில் கோளாறு வந்தால் உயிருக்கே ஆபத்து.

கே: அந்தக் குதிரைகள் காட்டுக்குள் ஓடிவிட்டனவாமே?

ப: ஓடியவை மாடுகள். 1795-இல் அவற்றைப் பெரிய மந்தையாகக் கண்டுபிடித்தார்கள்.

கே: ஆஸ்திரேலியக் காட்டுக்குதிரைக்கு ‘பிரம்பி’ என்ற பெயர், ஜேம்ஸ் பிரம்பி என்ற படைவீரர் விட்டுப்போன குதிரைகளால் வந்ததுதானே?

ப: அப்படி ஒரு கதை உண்டு. ஆனால் அவர் 1804-இல் டாஸ்மேனியா போய்விட்டார். அந்தச் சொல்லோ அச்சில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைகாட்டுகிறது.

கே: பெயர் அப்படியே பொருந்துகிறதே, ஐயா?

ப: பெயர் பொருந்துவது சான்றாகாது. பழங்குடி மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் இதே பொருத்தத்தைத்தான் காட்டுகிறார்கள். இரண்டுமே நிரூபணமாகவில்லை. ஊர்ப்பெயரோ விலங்கின் பெயரோ, ஒலியை மட்டும் நம்பி வரலாறு எழுதாதீர்கள்.

கே: சென்னைக்கும் இந்தக் குதிரைகளுக்கும் தொடர்பு உண்டா?

ப: நன்றாகவே உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் வளர்ந்ததால் ‘வேலர்’ என்று பெயர்பெற்ற குதிரைகளை இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைகள் பல்லாண்டுகள் வாங்கின. அன்று சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நிற்கும், ஆட்களையும் சரக்கையும் மசூலா படகில் (பலகைகளைக் கயிற்றால் தைத்த, அலைதாங்கும் படகு) கொண்டுவருவார்கள். குதிரையைப் படகில் ஏற்ற முடியுமா? கடலில் இறக்கிவிட, அலைகளைத் தாண்டி அதுவே நீந்திக் கரைசேர வேண்டும். ஆஸ்திரேலியக் குதிரைகளை சென்னையில் இறக்கும் காட்சியை 1834-இல் ஜே. பி. ஈஸ்ட் படமாகவே வரைந்திருக்கிறார். கட்டுமரங்களும் மசூலா படகுகளும் அதில் உண்டு. மாதக்கணக்கில் கப்பலின் அடித்தளத்தில் நின்ற கால்களோடு நம் கடற்கரை அலையில் குதித்த அந்தக் குதிரைகளை நினைத்தால் மனசு கனக்கிறது.

கே: முதலில் வந்த குதிரைகள் காட்டுக்குள் ஓடிவிட்டதாகப் படித்தேன்...

ப: மாடுகள். மேலே சொல்லியிருக்கிறேன், படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: முதல் உலகப்போருக்குப் போன வேலர்கள் திரும்பினவா?

ப: ஒரு லட்சத்துக்கும் மேல் போயின. திரும்பியது ஒன்றே ஒன்று: துருக்கியின் கலிப்போலியில் காயம்பட்டு இறந்த ஆஸ்திரேலியத் தளபதி பிரிட்ஜஸின் குதிரை சாண்டி.