சுகரை மறைத்து பாலிசி எடுக்கலாமா?

*மகளுக்கு அக்டோபரில் பிரசவம். நியூ ஜெர்சியில் ஐந்தாறு மாதம் இருக்கப் போகிறேன். வயது 64, பத்து வருடமாக சுகரும் பி.பி.யும் உண்டு. பயண மருத்துவ இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தில் அதையெல்லாம் எழுதினால் பிரீமியம் ஏறும், ‘இல்லை’ என்றே டிக் பண்ணிவிடுங்கள் என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா?*
– வாசகி, கும்பகோணம்

செய்யாதீர்கள். அங்கே எமர்ஜென்சியில் சேர்த்தால், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். நீங்கள் சுகருக்கு மெட்ஃபார்மின் என்று சொல்ல, அது கேஸ் ஷீட்டில் ஏறி, பில்லோடு சேர்ந்து கம்பெனிக்கும் போய்விடும். சுகருக்குச் சம்பந்தமே இல்லாமல் கால் முறிந்து படுத்திருந்தாலும் க்ளெய்மை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அன்றைக்கு ஏஜென்ட் பக்கத்தில் இருக்க மாட்டார், மாப்பிள்ளைதான் கிரெடிட் கார்டோடு நிற்பார்.

உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கு, உயிருக்கே ஆபத்து என்ற கட்டத்தில் மட்டும் பணம் தரும் பாலிசிகள்தான் நம் ஊரில் அதிகம். அட்டையில் ஒரு லட்சம் டாலர் என்று போட்டுவிட்டு, அறுபது தாண்டியவர்களுக்கு அறை வாடகைக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று உள்ளே உச்சவரம்பு வைத்திருப்பார்கள், அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். மகள் அங்கிருந்தே எடுக்கும் விசிட்டர் பாலிசி என்றால் ‘அக்யூட் ஆன்செட்’ என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய நோய் திடீரென்று முற்றினால் கை கொடுப்பது அந்த வரிதான், அதற்கும் வயது வரம்பு உண்டு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகை கட்டிய மலிவு பாலிசி வேண்டாம், அமெரிக்க பில்லில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. வழக்கமான சுகர் டெஸ்ட், பல், கண்ணாடி எல்லாம் பொதுவாக எதிலும் சேராது, இங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

மாத்திரைகளைக் கைப்பையில், கடையில் வாங்கிய அட்டையிலேயே, டாக்டர் சீட்டோடு வையுங்கள். சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்க வேண்டும், டோலோ என்றால் அங்கே யாருக்கும் தெரியாது, பாராசிட்டமாலுக்கே அசிட்டாமினோஃபென் என்றுதான் பெயர். மூன்று மாதத்துக்கு வேண்டிய அளவு கொண்டுபோகலாம் என்பது பொதுவான கணக்கு. இன்சுலின் போடுகிறவர் என்றால் அதைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள், சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் வீண். நேரம் ஒன்பதரை, பத்தரை மணி பின்னால் போவதால் எந்த வேளை மருந்தை எப்போது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. பேரக் குழந்தையைத் தூக்குவதற்கு இரண்டு வாரம் முன்பாவது பெரியவர்களுக்கான கக்குவான் இருமல் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். நமக்கு வெறும் இருமலாகப் போவது பச்சைக் குழந்தைக்கு உயிராபத்து. மகளே இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம், அங்கே டாக்டர்களே சொல்லி அனுப்புவது இது.

*கென்யாவுக்கு சஃபாரி போகிறோம். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பக்கத்து கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாமா?*
– வாசகர், கோவை

கூடாது. மத்திய அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே போட வேண்டும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அப்படி ஒன்று. பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள், ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையில் அதன் எண்ணை எழுதுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துதான் அட்டை செல்லும், ஆகவே டிக்கெட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 2016-லிருந்து ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். பலர் கோட்டை விடுவது திரும்பி வரும்போதுதான்: அட்டை இல்லாமல் இங்கே வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம். முட்டை அலர்ஜி இருந்தாலோ, அறுபது வயது தாண்டி முதல் தடவை போடுகிறவராக இருந்தாலோ முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். மசாய் மாராவில் மலேரியாவும் உண்டு, அதற்கு ஊசியை நம்பாமல் மாத்திரை கேட்டு வாங்குங்கள். கிளம்புமுன்பே தொடங்கி, வந்த பிறகும் சாப்பிட வேண்டியிருக்கும்.

*துபாயில் மகனுக்கு குருமா பொடியும் இருமல் மருந்தும் கொண்டு போகலாமா?*
– வாசகி, திருநெல்வேலி

பொடியில் கசகசா அரைத்திருந்தால் வேண்டாம். அது ஓபியம் செடியின் விதை, அங்கே தடை, மாட்டினால் வழக்கு. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை எல்லாம் முன்அனுமதி இல்லாமல் கூடாது. தேங்காயும் முந்திரியும் அங்கேயே கிடைக்கும், அரைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.