'அட்ரியானோ மாதிரி எனக்கும் போதும்மா!'

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. இத்தாலியில், மிலான் நகரில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறான். நல்ல சம்பளம். படிப்புக்கு வாங்கிய கடனில் பெரும்பகுதியை அவனே அடைத்துவிட்டான். சில மாதங்களாக போனில் பேச்சு குறைந்துபோனது. போன மாதம் திடீரென்று, 'அட்ரியானோ மாதிரி எனக்கும் போதும்மா, ஊருக்கு வந்துடறேன்' என்றான். அட்ரியானோ யாரென்று எனக்குத் தெரியாது. என் கணவர் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, 'குடித்தே வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்ட கால்பந்துக்காரன், அவனையா உதாரணம் காட்டுகிறான்?' என்று கோபப்பட்டார். அதிலிருந்து மகனோடு பேசுவதில்லை. அவனுக்கு அங்கே ஒரு குறையும் கிடையாது. போன ஆவணியில் என் மாமனார் தவறியபோது மட்டும் டிக்கெட் கிடைக்காமல் வர முடியவில்லை, வீடியோவில் பார்த்தான். அவனுக்கு நான் என்ன சொல்வது?

- பெயர், ஊர் வெளியிட வேண்டாம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் படித்தது பொய்யில்லை. அட்ரியானோ குடித்தார். அவரே அதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் செல்போனில் ஒரு பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்த மனிதரின் முடிவுதானே தவிர, அவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது இல்லை. உங்கள் மகன் அந்தப் பெயரைச் சும்மா சொல்லியிருக்க மாட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் முதலில் அட்ரியானோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், முடிந்தால் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பிரேசிலில் ரியோ டி ஜெனிரோ நகரத்தில் விலா க்ருசெய்ரோ என்று ஒரு குடிசைப் பகுதி. அங்கே 1982-ல் பிறந்தவர். அப்பா பெயர் அல்மிர். பையனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது, அக்கம்பக்கத்தில் நடந்த ஒரு விருந்தில், எங்கிருந்தோ வந்த துப்பாக்கிக் குண்டு அப்பாவின் தலையில் பாய்ந்துவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் குண்டை எடுக்க முடியவில்லை, தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவருக்கு வலிப்பு வரும். அந்த வீட்டில் ஒரு சின்னப் பையன் அப்பாவை எத்தனை பயத்தோடு பார்த்து வளர்ந்திருப்பான், யோசித்துப் பாருங்கள்.

ஊரின் பெரிய கிளப்பான ஃப்ளமெங்கோவில் பயிற்சிக்குச் சேர்ந்தார். முதலில் தடுப்பாட்டத்தில், இடது பக்கம் நிற்கிற ஆள். அப்புறம்தான் முன்னால் கொண்டுவந்து ஸ்ட்ரைக்கராக ஆக்கினார்கள். நல்ல உயரம், எதிரி மேலே விழுந்தாலும் அசையாத உடம்பு, இடது காலில் வெடிகுண்டு மாதிரி அடி. 18 வயதில் பிரேசில் தேசிய அணியின் மஞ்சள் சட்டை கிடைத்தது. 19 வயதில், 2001-ல், மிலான் நகரத்தின் இன்டர் கிளப் வாங்கிக்கொண்டது.

ஆமாம், உங்கள் மகன் இருக்கும் அதே ஊர்தான்.

போன சில நாட்களிலேயே ஸ்பெயினில் ரியல் மாட்ரிட்டோடு ஒரு நட்பு ஆட்டம். கடைசி நேரத்தில் மாற்று வீரராக இறங்கிய இந்தப் பையன் ஒரு ஃப்ரீ கிக் அடித்தார். கோல்கீப்பர் கை நீட்டுவதற்குள் பந்து வலைக்குள் போய்விட்டது. அன்றைக்கே இத்தாலியப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடத் தொடங்கிவிட்டன. ஊரில் இருப்பவர்கள் பார்த்தது இதைத்தான்.

அவர்கள் பார்க்காதது மிலானில் அவருடைய முதல் கிறிஸ்துமஸ். இதைப் பல வருடம் கழித்து அவரே சொன்னார். சக வீரர் சீடோர்ஃப் அவரைத் தன் வீட்டு விருந்துக்கு அழைத்திருந்தார். நல்ல சாப்பாடு, நல்ல மனிதர்கள். ஆனால் அவருக்கு அங்கே உட்கார முடியவில்லை. சீக்கிரமே தன் ஃப்ளாட்டுக்குத் திரும்பி, ரியோவுக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் பாட்டும் சிரிப்புமாக வீடே நிறைந்திருந்தது. அம்மா எப்படி இருக்கிறாய் என்று கேட்க, நன்றாக இருக்கிறேன் என்றுதான் பதில் சொன்னார். போனை வைத்த பிறகு அழுதார். வீட்டில் ஒரு வோட்கா பாட்டில் இருந்தது. தனியாக உட்கார்ந்து முழுவதையும் குடித்தார்.

சகோதரி, போனில் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னவரும் பாட்டிலைத் திறந்தவரும் ஒரே ஆள்தான். இடையில் போனது சில நிமிடங்கள்.

இன்டர் அவரை ஃபியோரென்டினா கிளப்புக்கு லோனில், அதாவது கொஞ்ச காலம் அங்கே ஆடுவதற்கு இரவலாக, அனுப்பியது. அடுத்து பார்மா கிளப். அங்கே 37 லீக் ஆட்டங்களில் 23 கோல் போட்டதும் இன்டர் 2004 ஜனவரியில் திரும்ப வாங்கிக்கொண்டது. இத்தாலிக்காரர்கள் 'பேரரசர்' என்று பட்டம் சூட்டினார்கள். 2006 வாக்கில் கால்பந்து வீடியோ கேம் ஆடிய எந்தப் பையனையும் கேட்டுப் பாருங்கள். ஷாட்டின் வேகத்துக்கு அட்ரியானோவுக்கு 99 போட்டிருப்பார்கள், அவரை எடுத்துக்கொள்ள வீட்டில் சண்டையே நடக்கும். உங்கள் மகனுக்கு அந்தப் பெயர் அப்போதே அறிமுகமாகியிருக்கும்.

இனி 2004 ஜூலை 25-க்கு வருகிறேன். பெரு நாட்டின் லிமாவில், தென் அமெரிக்க நாடுகள் மோதும் கோபா அமெரிக்கா தொடரின் இறுதியாட்டம். எதிரே அர்ஜென்டினா. 87-வது நிமிடத்தில் அர்ஜென்டினா 2-1 என்று முன்னிலை பெற்றுவிட்டது. 90 நிமிடமும் முடிந்து, காயங்களுக்காகச் சேர்த்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பெனால்டி கட்டத்துக்குள் ஒரு உயரப் பந்து வந்து கூட்டத்துக்கு நடுவே விழுந்தது. கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற அட்ரியானோ அதை இடது காலில் தட்டி எழுப்பி, அப்படியே உடம்பைத் திருப்பி, பந்து தரையைத் தொட்டதும் அடித்தார். தாழ்வாகப் போய் மூலையில் விழுந்தது. 2-2. சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினார். பெனால்டி ஷூட்டில் பிரேசிலின் முதல் அடியும் அவருடையதே. கோப்பை பிரேசிலுக்கு. 7 கோல்களோடு தொடரிலேயே அதிக கோல் போட்டவர் அவர். அந்தக் கோலை நான் எத்தனை தடவை திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. 22 வயதுப் பையனின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இன்டர் அணியோடு இருந்தபோது பிரேசிலிலிருந்து போன். அப்பா அல்மிர் மாரடைப்பில் இறந்துவிட்டார்.

அணியின் கேப்டன் ஹவியர் ஸனெட்டி அப்போது பக்கத்தில் இருந்தவர். போனைத் தூக்கி எறிந்துவிட்டு அட்ரியானோ அலறியதை மறக்கவே முடியாது என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து கிளப் உரிமையாளர் மொராட்டியும் தானும் அவரைத் தம்பி மாதிரி பார்த்துக்கொண்டதாகவும், இருந்தும் அந்தத் துயரத்திலிருந்து அவரை மீட்க முடியாமல் போனதுதான் தன் வாழ்க்கையின் பெரிய தோல்வி என்றும் சொன்னார். நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடிய ஒரு கேப்டன் தன் தோல்வி என்று சொல்வது ஒரு மேட்ச்சை இல்லை, இதை!

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கோல் போடுவது நிற்கவில்லையே! 2005-ல் ஜெர்மனியில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் 5 கோல், தொடரின் சிறந்த வீரர் விருது, இறுதியாட்டத்தில் மறுபடியும் அர்ஜென்டினா, அவர்களுக்கு எதிராக இரண்டு கோல். சம்பளம் வந்தது, கைதட்டல் வந்தது. 'அவனுக்கு அங்கே ஒரு குறையும் கிடையாது' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அன்றைக்கு அட்ரியானோவைப் பற்றியும் எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம் சரியத் தொடங்கியது. குடி, பயிற்சிக்குத் தாமதம், ஏறிக்கொண்டே போன எடை. 2008-ல் சில மாதம் லோனில் சாவோ பாவ்லோ கிளப்புக்கு வந்து ஆடிவிட்டு மறுபடியும் இத்தாலிக்குப் போனார். 2009 ஏப்ரலில் தேசிய அணிக்காக வந்தவர் திரும்பிப் போகவில்லை. சில நாள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் கண்டபடி வதந்திகள் கிளம்பின. அவர் தன் பழைய தெருவில், சின்ன வயது நண்பர்களோடு இருந்தார். பிறகு பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, விளையாடுவதில் சந்தோஷம் போய்விட்டது, இத்தாலிக்குத் திரும்ப மாட்டேன் என்று அறிவித்தார். ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது, அதை விட்டுவிட்டார். அவருக்கு அப்போது உங்கள் மகனின் வயது, 27. 'அட்ரியானோ மாதிரி' என்று அவன் சொன்னது இந்த நாளைத்தான் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் உங்கள் கணவருக்கு ஒரு விஷயம். வெளிநாட்டை விட்டு வீட்டுக்குத் திரும்பிய முதல் பிரேசில் ஸ்ட்ரைக்கர் இவர் இல்லை. ரொமாரியோ என்று ஒருவர். நெதர்லாந்தில் ஐந்து வருடம், பிறகு பார்சிலோனா. 1994-ல் உலகக் கோப்பையும் வென்று, உலகின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். 1995 ஜனவரியில் பார்சிலோனா வேண்டாம் என்று ரியோவுக்குக் கிளம்பி வந்துவிட்டார். நாற்பது வயது தாண்டியும் ஆடினார், இன்றைக்கு பிரேசிலில் செனட்டர். திரும்பி வந்தவன் எல்லாம் கெட்டுப்போனவன் என்றால் ரொமாரியோவை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அட்ரியானோ வந்து என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். சில வாரத்திலேயே பழைய ஃப்ளமெங்கோவில் சேர்ந்தார். அந்த 2009 சீசனில் 19 கோல், லீக்கில் அதிக கோல் போட்ட இருவரில் ஒருவர். 17 வருடமாக தேசிய லீக் பட்டத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்த ஃப்ளமெங்கோ அந்த டிசம்பரில் மரக்கானா மைதானத்தில் கோப்பையைத் தூக்கியது. முடிந்துவிட்டார் என்று எல்லாரும் எழுதிய எட்டாவது மாதம் அது. செல்போனில் தேடும்போது இந்த வருடமும் அதே பக்கத்தில்தான் இருந்திருக்கும், உங்கள் கணவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இதோடு நிறுத்திவிட்டு 'மகனை உடனே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்' என்று நான் சொன்னால் அது நேர்மையாகாது. வீட்டுக்கு வந்ததும் அட்ரியானோவுக்கு எல்லாம் சரியாகிவிடவில்லை. 2010-ல் மறுபடியும் இத்தாலிக்கு, ரோமா கிளப்புக்குப் போனார். லீக்கில் ஒரு கோல்கூட விழவில்லை, ஒரு வருடத்துக்குள் முடிந்தது. 2011-ல் பிரேசிலின் கொரிந்தியன்ஸ் கிளப், வந்த வேகத்தில் குதிகால் தசைநார் அறுந்தது. அதிலிருந்து எழுந்து அதே நவம்பரில், பட்டத்துக்கான போட்டியில் கடைசி நிமிடங்களில் வெற்றி கோல் ஒன்று போட்டார். பெரிதாகச் சொல்ல அதுதான் கடைசி. ஊரும் நண்பர்களும் கிடைத்தார்கள், அது பாதி மருந்து. மீதிப் பாதியை, அதாவது அந்தத் துக்கத்தையும் குடியையும், உட்கார்ந்து சிகிச்சை எடுத்துத்தான் தீர்த்திருக்க வேண்டும்.

2024 டிசம்பரில் மரக்கானாவில் அவருக்குப் பிரிவுபசார ஆட்டம் வைத்தார்கள். பெரிய திரையில் அப்பாவின் உருவத்தைத் தொழில்நுட்பத்தில் உயிர்ப்பித்து, மகனோடு பேசுவது போலக் காட்டினார்கள். 42 வயது மனிதர், மைதானத்தின் நடுவே நின்று அழுதார். அப்பா போய் இருபது வருடம் ஆகியிருந்தது.

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். உங்கள் மாமனார் தவறியதை ஒரே வரியில், அதுவும் டிக்கெட் கிடைக்காத விஷயமாக எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. பேரனைத் தோளில் தூக்கி வளர்த்த தாத்தாவாக இருந்தால், அவர் உடம்பை எடுத்துப் போவதைத் தனி அறையில், போன் திரையில், கூடத் தொட்டு அழ ஒரு ஆள் இல்லாமல் அவன் பார்த்திருக்கிறான். மறுநாள் வேலைக்கும் போயிருப்பான். போன ஆவணிக்குப் பிறகா அவன் பேச்சு குறைந்தது? நீங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். அட்ரியானோவின் குடியை உங்கள் கணவர் படித்தார். உங்கள் மகன் படித்தது அந்த போன் காலை என்று எனக்குப் படுகிறது.

வேலையை விடுவதா வேண்டாமா என்று போனில் முடிவு செய்யாதீர்கள். முதல் வருடத் திதி வருகிறது. அதற்கு அவன் கண்டிப்பாக வர வேண்டும் என்று சொல்லுங்கள். இந்த முறை டிக்கெட்டை இப்போதே போடுங்கள், அதுவும் உங்கள் கணவர் பணத்தில். மூன்று வாரமாவது விடுப்பு எடுக்கட்டும். வந்ததும் முதல் வாரம் வேலை, கல்யாணம், கடன் எதையும் எடுக்காதீர்கள். தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, மாலையில் தனியாக எங்கே போகிறான் என்று மட்டும் பாருங்கள். தூக்கமில்லை, குடி தொடங்கியிருக்கிறது என்று தெரிந்தால் சத்தம் போடாமல் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். திதி முடிந்து இரண்டு வாரம் கழித்து, திரும்பிப் போவதா இங்கேயே வேலை தேடுவதா என்று அவனையே சொல்ல விடுங்கள். எதைச் சொன்னாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கடன்தான் பெரும்பாலும் அடைந்துவிட்டதே.

உங்கள் கணவரைப் பற்றியும் ஒன்று. இறந்தது அவருடைய அப்பா. அவரும் இதுவரை யாரோடும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை மகன் கூப்பிடும்போது நீங்கள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு போனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். வேலையைப் பற்றிப் பேச வேண்டாம். தாத்தாவின் கடைசி நாட்களில் என்ன நடந்தது, அவர் பேரனைப் பற்றி என்ன கேட்டார் என்பதைச் சொல்லட்டும். நீங்கள் சமையலறைக்குப் போய்விடுங்கள்.