காக்-ஏ சோதனை வேண்டாம். எந்த மருந்துக்குக் கிருமி அடங்காது என்று பாருங்கள்

கேள்வி: வயது 38. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேனுங்க. ஆறு மாதத்துக்கு முன் எண்டோஸ்கோபி பார்த்ததில் முன்சிறுகுடலில் புண், ஹெச்.பைலோரி கிருமியும் இருக்கிறது என்றார்கள். பான்டோபிரசோல், அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் மூன்றும் 14 நாள் ஒருவேளை விடாமல் சாப்பிட்டேன். பான்டோபிரசோலை மட்டும் தொடரச் சொன்னார்கள். கோர்ஸ் முடித்த பத்தாம் நாள் எடுத்த மலப் பரிசோதனை நெகட்டிவ். இப்போது மறுபடியும் எரிச்சல். மூச்சுப் பரிசோதனையில் பாசிட்டிவ். சம்சாரத்துக்கும் ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ், ஆனால் அவங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கிருமியில் காக்-ஏ மரபணு இருந்தால் புற்றுநோய் வரும் என்று படித்தேன். நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சோதனை எடுக்கலாமுங்களா?

பதில்: காக்-ஏ சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் உங்கள் சிகிச்சை மாறப்போவதில்லை. உங்களுக்குப் பயன்படக்கூடிய மரபணுச் சோதனை வேறு ஒன்று இருக்கிறது. அதற்கு முன், நீங்கள் படித்தது எந்த அளவுக்குச் சரி என்று பார்த்துவிடலாம்.

ஹெச்.பைலோரியின் மரபணுத் தொகுப்பு முழுதாகப் படிக்கப்பட்டது 1997-ல். ஏறக்குறைய 16.7 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள், 1,600-ஐ ஒட்டிய மரபணுக்கள். சிறிய தொகுப்புதான், ஆனால் மாறிக்கொண்டே இருக்கும். நகலெடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்தும் வசதி இந்தக் கிருமிக்குக் குறைவு. பக்கத்தில் செத்துக் கிடக்கும் கிருமியின் டி.என்.ஏ.வையும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். சில மரபணுக்களில் ஒரே இரண்டு எழுத்துகள் வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். தறியில் ஓர் இழை கூடினாலோ குறைந்தாலோ டிசைனே மாறிவிடுவதுபோல, அந்த வரிசையில் ஒன்று கூடிக் குறைந்தாலே மரபணு வேலையை நிறுத்திவிடும், அல்லது மறுபடி தொடங்கிவிடும். அதனால் ஒரே வயிற்றுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று சற்று வேறுபட்ட கிருமிகள் வாழ்கின்றன.

காக்-ஏ என்பது அதே பெயருள்ள மரபணு தயாரிக்கும், கிருமி ஊசிபோன்ற ஓர் அமைப்பால் நம் இரைப்பைச் செல்லுக்குள் செலுத்தும் புரதம். அது செல்லின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டைக் குலைக்கிறது. ஜப்பான், கொரியா பக்கத்துக் கிருமிகளில் இருக்கும் காக்-ஏ வகை செல்லுக்குள் மிக வலுவாக ஒட்டிக்கொள்கிறது. அங்கே இரைப்பைப் புற்றுநோய் அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நம் நாட்டுக் கிருமிகளில் பெரும்பாலும் இருப்பது அதைவிட வீரியம் குறைந்த, மேற்கத்திய வகையை ஒத்த காக்-ஏ. அதோடு, இந்தியாவில் செய்த ஆய்வுகளில் அல்சர் உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் எடுத்த கிருமிகளில் பெரும்பாலானவற்றில் காக்-ஏ இருந்தது. கிட்டத்தட்ட எல்லோருக்கும் பாசிட்டிவ் வரும் ஒரு சோதனையால் உங்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

ஹெச்.பைலோரியைப் புற்றுநோய்க் காரணி என்று 1994-லேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. அதனால் அலட்சியம் கூடாது. ஆனால் உங்களுக்குப் புண் வந்திருப்பது முன்சிறுகுடலில். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அழற்சி, அதனால் அமிலம் அதிகம், அதனால் முன்சிறுகுடலில் புண் என்பது ஒரு வழி. மேல்பகுதி முழுக்க அழற்சி பரவி, அமிலம் சுரக்கும் செல்கள் தேய்ந்து, பல ஆண்டுகளில் புற்றுநோய் பக்கம் போவது வேறு வழி. நீங்கள் முதல் வழியில் இருப்பவர். அந்த வழியில் இரைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு குறைவு.

உங்கள் சிக்கல் கிளாரித்ரோமைசின். அந்த மருந்து கிருமியின் ரைபோசோமில் (புரதம் தயாரிக்கும் அமைப்பில்) 23எஸ் என்ற ஆர்.என்.ஏ. மேல் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியை நிறுத்தும். அங்கே 2142, 2143 ஆகிய இடங்களில் ஓர் எழுத்து மாறினாலே மருந்து ஒட்டாது. டோஸைக் கூட்டினாலும் பலன் இல்லை. சளி, இருமலுக்கென்று மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடும் அசித்ரோமைசினும் இதே குடும்பம். அதை அடிக்கடி எடுத்தவர்களின் வயிற்றில் மாறிய கிருமி மட்டும் தப்பிப் பெருகுகிறது. வயிற்றுப்போக்குக்கு எடுக்கும் மெட்ரோனிடசோல், ஆஃப்லாக்சசின் கதையும் இதுதான். கடந்த சில ஆண்டுகளில் எந்த ஆன்டிபயாட்டிக் எல்லாம் எடுத்தீர்கள் என்று பழைய சீட்டுகளைத் தேடி எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் காக்-ஏ ரிப்போர்ட்டைவிட உதவும்.

மறுபடி எண்டோஸ்கோபி செய்தால், இரைப்பையின் கீழ்ப்பகுதி, மேல்பகுதி இரண்டிலிருந்தும் பயாப்சி எடுத்து, கிளாரித்ரோமைசின் எதிர்ப்பு மாற்றத்துக்கான பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஓரிடத்தில் மட்டும் எடுத்தால் எதிர்ப்புக் கிருமி தவறிப்போகலாம். அந்த வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை: ஒருமுறை தோற்ற கிளாரித்ரோமைசினை மறுபடி தரக்கூடாது என்பது விதி. அமாக்சிசிலினுக்கு எதிர்ப்பு அரிது. அதைத் திரும்பவும் தரலாம்.

அடுத்து வழக்கமாகத் தருவது 14 நாள் நான்கு மருந்துக் கூட்டு: அமிலம் குறைக்கும் மாத்திரை காலை, இரவு உணவுக்கு அரை மணி முன், பிஸ்மத் தினம் 4 வேளை, டெட்ராசைக்ளின் 500 மி.கி. 4 வேளை, மெட்ரோனிடசோல் 400 அல்லது 500 மி.கி. 3 அல்லது 4 வேளை. பிஸ்மத் சேர்ந்து, முழு டோஸில் 14 நாளும் போனால் மெட்ரோனிடசோல் எதிர்ப்பை ஓரளவு சமாளித்துவிடலாம். பத்து நாளில் நிறுத்தினால் அந்தப் பலன் குறையலாம். கடையில் டெட்ராசைக்ளின் இல்லை என்று டாக்சிசைக்ளின் கொடுத்தால் வாங்காதீர்கள், பலன் குறைவு. மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள்.

இந்தக் கோர்ஸ் பாதியில் நிற்பது பெரும்பாலும் சின்னச் சின்ன காரணங்களால். பால், தயிர், மோர், ராகிக் களி, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் டெட்ராசைக்ளினைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். வாய் இரும்பு நக்கியதுபோல் கசக்கும், அது மெட்ரோனிடசோல். அதை முடித்து மூன்று நாள் ஆகும்வரை கள், மது கூடாது. பிஸ்மத்தால் நாக்கும் மலமும் கறுக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் தார்போல் பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போய், தலையும் சுற்றினால் அது ரத்தக் கசிவு, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நின்றே வேலை செய்வதால் முதுகு வலிக்கு டைக்ளோஃபினாக் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்; கிருமி இல்லாமலே புண் வரவைக்கக்கூடியது அது.

பத்தாம் நாள் வந்த நெகட்டிவ்வை நம்பியதுதான் தவறிப்போன இடம். கிருமி சாகவில்லை, பதுங்கியிருந்தது. கோர்ஸ் முடித்துக் குறைந்தது நான்கு வாரம் கழிய வேண்டும். பான்டோபிரசோல் போன்றவற்றை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அதன் பிறகு வெறும் வயிற்றில் மூச்சுப் பரிசோதனை. சோதனைக்காகக் கொடுக்கும் யூரியாவைக் கிருமியின் யூரியேஸ் நொதி உடைத்தால் அடையாளமிட்ட கார்பன் மூச்சில் வெளிவரும். மாத்திரையின் தயவில் கிருமி குறைந்திருந்தால் அந்தக் கார்பன் போதிய அளவு வராது, பொய் நெகட்டிவ் வரும். இடைப்பட்ட நாள்களில் எரிச்சலுக்குச் சாதாரண ஆன்டாசிட் போதும்.

மனைவிக்கு எடுத்தது ரத்தப் பரிசோதனை. கிருமி போன பிறகும் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் தயாரிக்கும் புரதம்) பல மாதம், சில ஆண்டுகூட நிற்கும். அதை வைத்து மாத்திரை தொடங்க வேண்டாம். மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் புரதம்) சோதனையோ மூச்சுப் பரிசோதனையோ செய்து, இப்போதும் கிருமி இருந்தால் சிகிச்சை பற்றி மருத்துவரோடு பேசலாம். குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் இருந்தாலோ, காரணம் தெரியாத ரத்தசோகை இருந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. தொந்தரவு இல்லாத குழந்தைகளுக்குச் சோதனையே வேண்டாம்.