‘பெண்களாலும் முடியும்’: அந்த ‘உம்’ எதற்கு?

கேள்வி: பயிற்சி மையம் ஒன்றில் கோடிங் சொல்லிக்கொடுக்கிறேன். ‘பெண்களாலும் முடியும்’ என்று போஸ்டர் ஒட்டி, கட்டணத்தையும் குறைத்தோம். 24 பேரில் 5 பெண்கள்தான் சேர்ந்தார்கள், அதிலும் 2 பேர் மூன்றாவது வாரத்தோடு நின்றுவிட்டார்கள். பெண்களுக்கு இதில் ஆர்வமே இல்லையா?

பதில்: ஆர்வம் இல்லாதவர்கள் மூன்று வாரம் வந்திருக்க மாட்டார்கள், தோழி.

முதலில் அந்தப் போஸ்டரைக் கழற்றுங்கள். ‘பெண்களாலும்’ என்று எழுதும்போதே, முடியாதோ என்ற சந்தேகத்தை நாமே கிளப்பிவிடுகிறோம். 1946-ல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியை, ஒயர்களை மாற்றி மாற்றிச் செருகி இயக்கிய புரோகிராமர்கள் 6 பெண்கள். அந்த இயந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்துத் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். அதனால் ‘முன் அனுபவம் தேவையில்லை’ என்று மட்டும் போடுங்கள், முதல் வாரத்தில் என்ன செய்து முடிப்பார்கள் என்பதையும் சேர்த்து.

அப்புறம் வகுப்பு. வீட்டில் சின்ன வயதிலிருந்தே கம்ப்யூட்டரை நோண்டியவர் முதல் நாளே கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவார். புதிதாக வந்த பெண்ணோ, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் மூளை இல்லை என்று நினைத்துக்கொள்கிறாள். இருவருக்கும் இடையில் இருப்பது சில வருடப் பழக்கம், அவ்வளவுதான். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995-ல் கணினி அறிவியலில் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம், 2000-ல் 42 சதவீதம். புரோகிராம் எழுதத் தெரிந்து வருபவர்களுக்குச் சேர்க்கையில் இருந்த முன்னுரிமையை எடுத்தார்கள், தொடக்கப் பாடத்தையும் அனுபவத்துக்கு ஏற்றபடி பிரித்து வைத்தார்கள். வேறு சில மாற்றங்களும் இருந்தன, ஆனால் நீங்கள் அடுத்த பேட்சிலேயே செய்யக்கூடியவை இவை இரண்டும். ஆண், பெண் என்று பிரிக்காதீர்கள், தெரிந்தவர், புதியவர் என்று பிரியுங்கள்.

ஒன்று கவனித்துப் பாருங்கள். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்றால் கீபோர்டு யார் பக்கம் இருக்கிறது? அவள் தட்டிக்கொண்டிருப்பாள், சிவப்பில் ஒரு எரர் வரும், பக்கத்தில் இருப்பவன் “இப்படிக் கொடு” என்று இழுத்து, விட்டுப்போன அடைப்புக்குறியைப் போட்டு ஓடவைத்துவிடுவான். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆனால் அந்த எரரைத் தானே கண்டுபிடிக்கும் சந்தோஷம் அவளுக்குப் போய்விட்டது, அந்தச் சந்தோஷத்துக்காகத்தானே நாம் எல்லோரும் இந்தத் துறையில் இருக்கிறோம்! குறைவாகத் தெரிந்தவர் கையில்தான் கீபோர்டு, மற்றவர் வாயால் மட்டும் சொல்லலாம் என்று விதி போடுங்கள். நீங்களும் மவுஸைத் தொடாதீர்கள், எரரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு அரை நிமிடம் சும்மா நில்லுங்கள். அந்த அரை நிமிடம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

நின்றுபோன இரண்டு பேருக்கும் இந்த வாரமே போன் செய்யுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், வேலை இருந்தது என்றுதான் பதில் வரும். எந்தப் பாடத்தில் புரியாமல் போனது என்று கேட்டு, அங்கிருந்தே திரும்ப ஆரம்பித்துக் கொடுங்கள்.