கேள்வி – பதில்: புறக்கோட்டை விலையும் இறக்குமதியாளர் சங்கமும்

சீனி, பருப்பு விலை ஏறும்போதெல்லாம் இறக்குமதியாளர் சங்கத்தின் பேச்சாளர் ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியில் தோன்றி விளக்கம் சொல்கிறார். விலையைத் தீர்மானிப்பது இந்தச் சங்கம்தானா?
– வாசகி, ஹட்டன்

சங்கம் ஒரு கிலோ சீனி வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. அத்தியாவசிய உணவுப் பொருள் இறக்குமதியாளர் மற்றும் வர்த்தகர் சங்கம் என்பது சீனி, பருப்பு, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் போன்றவற்றைத் தருவித்து மொத்தமாக விற்கும் வர்த்தகர்களின் அமைப்பு. அவர்களின் மொத்தச் சந்தை கொழும்பு புறக்கோட்டை. அங்கே நான்காம் குறுக்குத் தெருவில் காலை வேளையில் நின்று பார்த்தால், நாட்டாமைகள், அதாவது சுமை தூக்கும் தொழிலாளர்கள், லொறியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போதே கடைவாசலில் அன்றைய விலை பேசி முடிந்திருக்கும். அந்தப் பேரத்தில் சங்கத்துக்கு இடமில்லை.

விலை எப்படி உருவாகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். டன் ஒன்றுக்கு 600 டொலர் விலையில் பருப்பு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். டொலர் 200 ரூபாவாக இருந்தால் கிலோ 120 ரூபா. 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டபின், அதாவது அதன் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்க விட்டபின், சில வாரங்களில் டொலர் 360 ரூபா அளவுக்குப் போயிற்று. அதே பருப்பு, யாரும் ஒரு சதம் கூடுதல் இலாபம் வைக்காமலே, 216 ரூபாவாகிவிடும். இதற்குமேல் துறைமுகச் செலவு, வட்டி, லொறிக் கூலி, எடைக் குறைவு, வரி ஆகியவை சேரும்.

வரி என்று இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டியது விசேட வியாபாரப் பண்ட அறவீடு. 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், பல வரிகளுக்குப் பதிலாகக் கிலோவுக்கு இத்தனை ரூபா என்று ஒரே தொகையை வர்த்தமானி மூலம் அமைச்சர் விதிக்கலாம். நள்ளிரவில் அது மாறினால், கடலில் வந்துகொண்டிருக்கும் சரக்கின் கணக்கு முழுவதும் மாறிவிடும். எனவே சங்கத்தின் அன்றாட வேலையில் பெரும்பகுதி திறைசேரிக்கும் வர்த்தக அமைச்சுக்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் கடிதம் எழுதுவது, கூட்டத்துக்குப் போவது, உள்ளூர் அறுவடைக் காலத்தில் அறவீடு உயரும், முடிந்தபின் குறையும் என்ற எதிர்பார்ப்போடு இருப்பைப் பற்றிய விவரங்களைச் சொல்வது என்பதாகவே இருக்கும். தொலைக்காட்சியில் நீங்கள் காண்பது இதன் வெளிமுகம் மட்டுமே.

2021, 2022ஆம் ஆண்டுகளில் கொள்கலன்கள் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்தபோது சங்கத்தால் என்ன செய்ய முடிந்தது?
– வாசகர், யாழ்ப்பாணம்

முதலில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். மத்திய வங்கி டொலரை ஏறத்தாழ 200 ரூபாவில் பிடித்து வைத்திருந்தது; அந்த விலைக்கு வங்கிகளில் டொலர் இருக்கவில்லை. சரக்கு கொழும்புக்கு வந்துவிட்டது, வாங்கியவரிடம் ரூபாவும் இருந்தது, ஆனால் பணத்தை அனுப்ப வழியில்லாததால் ஆவணங்கள் வங்கியை விட்டு வெளியே வரவில்லை. ஆவணம் இல்லாமல் சரக்கை விடுவிக்க முடியாது. ஒவ்வொரு நாளும் கொள்கலனுக்குத் தாமதக் கட்டணம் ஏறியது. பருப்பு சில வாரம் தாங்கும், வெங்காயம் தாங்காது. தாமதித்து வந்த கொள்கலனின் கதவைத் திறந்தால் சூடான அழுகல் நெடி முகத்தில் அடிக்கும். சிவப்பு வலைச் சாக்குகளின் கண்கள்வழியே பச்சை முளை நீட்டிக்கொண்டிருக்கும். அடிவரிசை மூட்டையிலிருந்து நீர் கசியும். அந்தச் சரக்கைத் தரம் பிரித்தபின் மிஞ்சியதன் தலையில்தான் முழுச் செலவும் விழும்.

இத்தகைய நேரத்தில் தனி வியாபாரி ஒருவர் மத்திய வங்கியின் கதவைத் தட்டினால் காது கொடுப்பார் குறைவு. எத்தனை கொள்கலன், என்ன பொருள், எவ்வளவு டொலர் என்று திரட்டி ஒரே குரலில் கேட்க ஓர் அமைப்பு வேண்டியிருக்கிறது. உணவுக்கு முன்னுரிமையளித்து டொலர் ஒதுக்குங்கள் என்ற கோரிக்கையைச் சங்கம் அந்த நாட்களில் திரும்பத் திரும்ப முன்வைத்தது. 2022 மேயில் திறந்த கணக்கு முறையில், அதாவது சரக்கை முதலில் பெற்றுப் பணத்தைப் பின்னர் அனுப்பும் முறையில், இறக்குமதி செய்யத் தடை வந்தபோதும் அப்படித்தான். அத்தியாவசிய உணவுகளுக்கு அதில் பின்னர் தளர்வு கிடைத்தது.

ஆனால் குரலுக்கும் எல்லை உண்டு. 2023 டிசம்பர் 8இல் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது. தூத்துக்குடியிலிருந்து கப்பல் வர நீண்ட நேரம் வேண்டாம், ஆனால் ஏற்ற அனுமதி வேண்டுமே! 2024 ஏப்ரலில் இலங்கைக்கென 10,000 டன் அனுமதிக்கப்பட்டது அரசுகளுக்கிடையிலான பேச்சின் விளைவாகும். வியாபாரிகளின் சங்கம் இன்னொரு நாட்டின் கட்டளையை மாற்றிவிட முடியாது.

நான் சிறு மொத்த வியாபாரி. பருப்பு இறக்குமதி செய்ய விரும்புகிறேன். சங்கத்தில் சேர்வது கட்டாயமா?
– வாசகர், மட்டக்களப்பு

இல்லை. உறுப்புரிமை அனுமதிப்பத்திரம் ஆகாது. வணிகப் பதிவு, வரி இலக்கம், சுங்கப் பதிவு ஆகியவைதான் உங்களுக்கு முதலில் தேவை. சேர்ந்தால் வர்த்தமானி மாற்றங்களும் வங்கி நடைமுறைகளும் நேரத்தோடு காதுக்கு எட்டும் என்பது உண்மையான பயன். இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன்: வெளிநாட்டு விற்பனையாளர் தரும் ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் இலண்டனிலுள்ள காஃப்டா என்ற தானிய வர்த்தகச் சங்கத்தின் விதிப்படி நடுவர் தீர்ப்பு என்று ஒரு வாசகம் இருக்கக்கூடும். 1971இல் இரண்டு பழைய சங்கங்கள் இணைந்து உருவான அமைப்பு அது. அந்த வாசகத்தின் பொருள் புரியாமல் கையெழுத்திட வேண்டாம்.

போட்டியாளர்கள் ஒரே மேசையில் கூடினால், விலையைப் பற்றியும் பேசிக்கொள்ள மாட்டார்களா?
– வாசகர், கொழும்பு 13

நியாயமான சந்தேகம், எனக்கும் உண்டு. சில பொருட்களை விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களே பேரளவில் தருவிக்கும்போது, கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் பத்து நிமிடமே போதும்.

நம் நாட்டில் போட்டியைக் காக்கவென்று தனி ஆணைக்குழு இன்று இல்லை. முன்பிருந்த நியாய வர்த்தக ஆணைக்குழு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குள் அடங்கிவிட்டது. போட்டிக்கு எதிரான நடைமுறைகளை விசாரிக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. எனினும் நம் கண்ணில் படுவது பெரும்பாலும் உச்சபட்ச சில்லறை விலையை மீறிய கடைக்காரர்மீதான வழக்குத்தான்.

2020 ஒக்டோபர் 13இல் சீனிக்கான அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். கிட்டத்தட்ட 50 ரூபா குறைந்திருக்க வேண்டும். தேநீர்க் கோப்பைவரை அந்தக் குறைவு வந்து சேரவில்லை. 2023 நவம்பரில் அறவீடு மீண்டும் 50 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வரி குறையும்போது கையிருப்பு பழைய விலைக்கு வாங்கியது என்பதும், கூடும்போது மறுநாளே புதிய விலை என்பதும் ஒரே வாயிலிருந்து வரக்கூடாது. சங்கப் பேச்சாளர் அடுத்த முறை உலகச் சந்தை விலையைச் சொல்லும்போது, எந்த மாதம் வாங்கிய சரக்கு, டொலர் என்ன விலை, அறவீடு எவ்வளவு என்ற மூன்று விவரங்களையும் நிருபர்கள் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். அவை கிடைத்தால், முதல் கேள்விக்கு நான் போட்ட கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.