மறதி நோய் வந்த மாமனாரைச் சேர்க்க சேலம், ஏற்காடு பக்கம் இல்லம் தேடுகிறோம். நல்ல இல்லம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாமனாருக்கு என்று எழுதியிருக்கிறீர்கள், கேள்வி போட்ட நேரம் ராத்திரி 1.40. அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. அவர் தூங்கவில்லை, அதனால் நீங்களும் தூங்கவில்லை, காலையில் வேலைக்குப் போகணும் என்று வீட்டுக்காரர் உள்ளே படுத்திருக்கிறார். மருமகள் இல்லை, மருமகன் என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்குத் தெரிந்து மருமகன்கள் இந்த நேரத்தில் உட்கார்ந்து இதைக் கேட்பதில்லை.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதுகிறவள். என் அப்பாவை இரண்டு இல்லங்களில் விட்டிருக்கிறேன். முதலாவதில் ஏமாந்தேன், இரண்டாவதில் இப்போதும் இருக்கிறார். என் தகுதி அவ்வளவுதான். இல்லத்தின் பெயர் கேட்டு யாரும் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம், சொல்ல மாட்டேன்.

அப்பா பட்டு நெசவாளி. சேலம் பொன்னம்மாபேட்டையில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் குழித்தறி இருந்தது. 13 வயதில் குழிக்குள் காலை விட்டவர் 71 வயதில்தான் வெளியே எடுத்தார். பெரும்பாலும் வெண்பட்டு வேட்டி, கல்யாண சீசனில் அங்கவஸ்திரம். நாங்கள் சௌராஷ்டிரர்கள், வீட்டுக்குள் பேசுவது எங்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் தமிழ். 76 வயதில் ஆரம்பித்தது. ரேஷன் கடைக்குப் போனவர் ஆறு மணி நேரம் கழித்து அயோத்தியாப்பட்டணத்தில் கிடைத்தார், கையில் பை அப்படியே இருந்தது. அதற்கப்புறம் மூன்று வருஷம் வீட்டில் வைத்துத்தான் பார்த்தோம். இருட்டத் தொடங்கினால் கதவைப் பிடித்து இழுப்பார், வீட்டுக்குப் போகணும் என்பார். அவர் கட்டிய வீட்டில் நின்றுகொண்டு. ஒரு நாள் அடுப்பைப் பற்றவைக்காமல் கேஸை மட்டும் திறந்து வைத்திருந்தார். அன்றுதான் முடிவு செய்தேன். இதைப் படித்துவிட்டு "பெத்த அப்பாவை..." என்று எழுத வருகிறவர்கள் அந்த மூன்று வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரிக்கு வந்து படுத்திருந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

பெங்களூரில் இருக்கும் என் அண்ணன்தான் ஏற்காட்டில் ஓர் இல்லம் பார்த்தான். மலைக் காற்று, அமைதி, சுற்றி காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி. போய்ப் பார்த்தபோது எனக்கே அங்கே தங்கிவிடலாம் போலிருந்தது. மாதம் 35,000, முன்பணம் இரண்டு லட்சம், அண்ணன் கொடுத்தான், அதை மறுக்கவில்லை. ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, சர்க்கரை இருக்கிறதா, பிபி இருக்கிறதா, மொழி. நான் தமிழ் என்று எழுதினேன். எல்லாப் படிவத்திலும் அப்படித்தானே எழுதுகிறோம்? இன்றுவரை என்னை உறுத்துவது அந்த ஒரு வார்த்தை.

பார்வை நேரம் ஞாயிறு 2 முதல் 4 வரை. போகும்போதெல்லாம் அப்பா குளித்து, நெற்றியில் இட்டு, ஸ்வெட்டர் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தரையில் பினாயில் வாசனை. எனக்கும் நிம்மதி. ஆறாவது வாரம் ஒரு புதன்கிழமை, ஏற்காட்டில் பள்ளி வேலை ஒன்று முடிந்து, வந்ததுதான் வந்தோம் என்று சாயங்காலம் ஆறரைக்குச் சொல்லாமல் போய் நின்றேன். வாட்ச்மேன் உள்ளே விடவே கால் மணி நேரம் ஆனது. அப்பா படுத்திருந்தார். போர்வையை இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகியிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

கேட்டால், "காலை ஆட்டிக்கிட்டே இருக்காரும்மா, கையை வேற இழுத்து இழுத்து அடிக்கிறார், பக்கத்து பெட்டுக்காரங்க தூங்க முடியல, அதான் மாத்திரை கொடுத்திருக்கோம்" என்றார்கள். வலது கால், இடது கால், வலது கால், இடது கால். கை ஒரு வெட்டு. தறியில் உட்கார்ந்திருந்த மனுஷன் அவர். மிதியை மாற்றி மாற்றி மிதித்து, கயிறை இழுத்து நாடாவை, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுபோகிற கட்டையை, விடுகிறார். நான் பிறந்ததிலிருந்து பார்த்த அசைவு, அவர்களுக்கு அது நோய்.

வெளியே வரும்போது பெருக்கிக்கொண்டிருந்த பெண், ஜார்க்கண்ட் பக்கம், இருபது வயதுகூட இருக்காது, என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "தாத்தா பானி கேட்டது. இவங்க ஜன்னல் மூடிச்சு" என்றாள். அவள் இந்தியில் தண்ணீர் என்றால் பானி, எங்கள் பாஷையில் பனி என்போம். அப்பா ஆறு வாரமாகப் பனி, பனி என்று கேட்டிருக்கிறார். ஏற்காட்டில், அதுவும் மார்கழியில், ஒரு கிழவர் பனி பனி என்றால் தமிழ்க்காரர்கள் என்ன செய்வார்கள்? ஜன்னலைச் சாத்தினார்கள். இன்னொரு போர்வை போட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. மொழி என்ற இடத்தில் எழுதியது நான். பிறகு கற்ற மொழி முதலில் போகும், தாய்மொழி கொஞ்ச நாள் நிற்கும், எல்லாருக்கும் அப்படி இல்லை, ஆனால் பலருக்கு அப்படித்தான் என்று பின்னால் டாக்டர் சொன்னார். சொன்னபோது எனக்குப் பிரயோசனமில்லை, உங்களுக்கு ஆகும்.

அன்று ராத்திரியே காரில் கீழே இறக்கினோம். 20 கொண்டை ஊசி வளைவு, அப்பா தலை என் மடியில். உடம்பில் நீர் வற்றியிருந்தது, சிறுநீரில் கிருமி. வயதானவர்களுக்கு, அதுவும் இந்த நோய்க்காரர்களுக்கு, சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சலுக்கு முன்னாலேயே குழப்பம் திடீரென்று கூடிவிடுமாம். இரண்டு நாளில் ஆள் மாறிவிட்டால் "நோய் முற்றிவிட்டது" என்று எவன் சொன்னாலும் முதலில் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். மாத்திரையைப் பற்றியும் அப்போதுதான் தெரிந்தது. அது தூக்க மாத்திரை இல்லை, மனநோய்க்குக் கொடுப்பது. மறதி நோய் வந்த முதியவர்களுக்கு இந்த வகையைக் கொடுத்தால் சாவு அபாயம் கூடுகிறது என்று 2005லேயே அமெரிக்க மருந்துத் துறை பெட்டி கட்டி எச்சரிக்கை போட வைத்திருக்கிறது. கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். சிலருக்குத் தேவைப்படும், டாக்டர் பார்த்து, குறைந்த அளவில், எத்தனை நாள் என்று சொல்லிக் கொடுப்பார். வார்டில் சத்தம் இருக்கக்கூடாது என்று கொடுப்பது வேறு.

அதனால் என் பதில் இதுதான்: இல்லத்தைப் பார்க்க ஞாயிறு மத்தியானம் போகாதீர்கள். பொழுது சாயும் நேரத்தில் போங்கள். இந்த நோய்க்காரர்களில் நிறையப் பேருக்குப் படபடப்பு, அலைச்சல், அழுகை எல்லாம் அப்போதுதான் ஏறும், அதே நேரத்தில்தான் பகல் ஆட்கள் கிளம்பி ராத்திரி ஆட்கள் வருவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஒருத்தர் கத்தினால் யார் எழுந்து போகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். எல்லாரும் அமைதியாகப் படுத்திருந்தால் பயப்படுங்கள். உள்ளே விட மாட்டோம் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

மலை வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து, ஏற்காட்டுக்காரர்கள் கோபிக்காதீர்கள். 1,500 மீட்டர் உயரம், சேலம் வெயிலில் வாழ்ந்த உடம்பு. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சேலம்தான் இறங்கணும், 30 கிலோமீட்டர் சுமார். 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அப்படி ஒரு ராத்திரியில் உங்கள் மாமனாருக்கு மூச்சு வாங்கினால்? குப்பனூர் வழியும் இருக்கிறது என்பார்கள், இருக்கிறது, மழையில் அதை நம்பி நான் இருக்க மாட்டேன்.

அப்புறம் சொந்தக்காரர்கள். அப்பாவை இறக்கிய மறுமாதம் அத்தை பேரன் கல்யாணம். மண்டபத்தில் ஒரு மாமா எல்லார் முன்னாலும், "அப்பனை ஹோமில் விட்டா மூணு மாசம் ஜெயில், தெரியுமா" என்றார். தெரியும் மாமா, 2007ஆம் வருஷத்துச் சட்டம், அடியோடு கைவிடுகிறவர்களுக்கு மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டம்தான் மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது அரசு அமைக்கலாம் என்றும் சொல்கிறது. பணம் கட்டி, வாரம் இரண்டு முறை போய்ப் பார்ப்பதற்குப் பெயர் கைவிடுவது இல்லை. இதைச் சொன்ன மாமா கட்டியிருந்தது பட்டு வேட்டி என்று 900 ரூபாய்க்கு வாங்கியது. பட்டா அது? ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள், பட்டு என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பல் பொடியும். இது உருகி மணியாக நிற்கும். கைத்தறிக்கு என்று 1985இல் சட்டம் போட்டார்கள், 22 வகைத் துணி கைத்தறிக்கு மட்டும் என்று, அப்புறம் அது 11 ஆகச் சுருங்கியது, அந்த 11ஐயும் விசைத்தறியில் ஓட்டி "ஒரிஜினல் ஹேண்ட்லூம்" என்று முத்திரை குத்தி விற்கிறார்கள், நம் ஆட்களே வாங்குகிறார்கள், 58 வருஷம் மிதித்த காலுக்கு என்ன மிஞ்சியது என்று மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தரும் கேட்டதில்லை, ஆனால் எனக்கு ஜெயில். சரி, விடுங்கள், இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது இல்லம் கீழே சேலத்தில், கன்னங்குறிச்சி பக்கம். பார்க்க ஒன்றுமில்லை. பழைய வீடு, சிமெண்ட் தரை, வாசலில் தண்ணீர் டிரம். அண்ணன் போட்டோவைப் பார்த்துவிட்டு "இதுவா?" என்றான். ஆனால் அங்கே இருந்த அம்மா முன்பணம் பற்றிப் பேசுவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் அப்பாவைப் பற்றியே கேட்டார். என்ன வேலை பார்த்தார், எந்தக் கையால் சாப்பிடுவார், ராத்திரி எத்தனை தடவை எழுவார், விளக்கு எரியணுமா, கோபம் வந்தால் என்ன சொல்வார், என்ன பாஷை. பத்துப் பன்னிரண்டு சௌராஷ்டிர வார்த்தைகளைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி அதைக் கட்டிலுக்கு மேலே ஒட்டினார். முதல் வார்த்தை பனி. அவர் கால் மிதிப்பதைப் பற்றிச் சொன்னேன். கட்டிலோரம் உட்காரும்போது காலுக்குக் கீழே ஒரு பலகை போட்டுவிட்டார்கள். மிதித்துக்கொண்டே இருப்பார், களைத்தால் தானே படுப்பார். மாத்திரையை டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். குறை இல்லையா என்றால் உண்டு. சாப்பாட்டில் உப்பு கூட, கொசு, போன் எடுக்க மாட்டார்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. ராத்திரியில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள், அதில் தூங்காதவர் எத்தனை. பதிவுச் சான்று எந்தத் துறையினுடையது, எந்தத் தேதி வரை. மாதக் கட்டணத்தில் டயப்பர், ஆஸ்பத்திரியில் கூட இருக்கிற ஆள், இதெல்லாம் சேர்த்தியா. முன்பணம் திரும்ப வருமா, எழுத்தில் தருவார்களா. எனக்குப் பாதிதான் வந்தது. விழுங்கும்போது புரையேறுகிறவர்களுக்கு எப்படி ஊட்டுகிறார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் நின்று பாருங்கள், படுக்க வைத்து ஊட்டினால் வேண்டாம். முதலில் 15 நாள் மட்டும் விட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். எங்கே விசாரிப்பது என்றே தெரியவில்லை என்றால் முதியோருக்கான அரசு உதவி எண் 14567, தமிழிலேயே பேசலாம். வீட்டில் யாராவது இது நம் குடும்பத்து சாபம் என்று ஆரம்பித்தால், இந்தியாவில் 60 தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாகக் கணக்கு என்று சொல்லி வாயை அடையுங்கள்.

துணியில் பெயர் தைத்துக் கொடுக்க மறக்காதீர்கள், சலவையில் மாறிவிடும். போன வாரம் யாருடைய வேட்டியையோ அப்பாவுக்குக் கட்டிவிட்டிருந்தார்கள். என்னை யாரென்று தெரியவில்லை அவருக்கு. கரையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "டெரிகாட்டன்" என்று முகத்தைச் சுளித்தார். மாற்றிக் கட்டிவிட்டு வந்தேன்.