வீட்டுத் தோட்டத்துக்குப் பருந்து, ஆந்தை வந்த அனுபவம் உண்டா? வந்தால் விரட்ட வேண்டுமா?

உண்டு. ஒரே ஒரு முறை விரட்டியும் இருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு திருச்சிக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரத்து ஊர். கொல்லையில் ஒரு மாமரம், இரண்டு முருங்கை, அம்மாவின் கோழிக்கூடு. மொத்தம் மூன்று சென்ட் இருக்கும், அவ்வளவுதான்.

போன வருஷம் மாசிக் கடைசியில் மாமரத்தடியில் ஒரு கைப்பிடி இறகு கிடந்தது. தவிட்டுக்குருவியின் இறகு. பக்கத்து வீட்டுப் பூனைமேல் பழி போட்டேன். நாலு நாள் கழித்து இன்னொரு குவியல். எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு இறகும் அடித்தண்டு சிதையாமல் முழுசாக இருந்தது. பூனை என்றால் தண்டைக் கடித்துக் குதறியிருக்கும். இது அலகால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்ட வேலை.

ஆள் அகப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அணில்கள் விடாமல் கத்தின. எந்நேரமும் ஏழெட்டாகச் சேர்ந்து சண்டை போடும் தவிட்டுக்குருவிகள் செம்பருத்திக்குள் புகுந்து மூச்சு விடவில்லை. நிமிர்ந்தால் முருங்கைக் கிளையில், பத்தடி தூரத்தில், வல்லூறு. வைரி என்றும் சொல்வார்கள். புறா அளவுதான். நெஞ்சில் செங்கல் நிறத்தில் மெல்லிய குறுக்கு வரிகள், தொண்டை நடுவில் கரிக்கோடு போல ஒரு கீற்று, ரத்தச் சிவப்பில் கண். ஆணுக்குத்தான் அந்தச் சிவப்பு. பெண்ணின் கண்ணில் மஞ்சள் ஓடும்.

காலடியில் ஒரு ஓணான். வல்லூறு அதைக் கொத்தவில்லை. நகங்களை விட்டு விட்டு இறுக்கிக்கொண்டே இருந்தது. ஓணானின் வால் மட்டும் கொஞ்ச நேரம் கிளையில் தட்டித் தட்டி ஓய்ந்தது. அதற்கப்புறம்தான் குனிந்து கிழித்தது. நடுவில் ஒரு தடவை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் வாயில் நுரையோடு அப்படியே நின்றேன்.

சரி, குருவிகளை எங்கே பிடிக்கிறது என்று யோசித்தபோதுதான் உறைத்தது. குருவிகளுக்காக நான் வைத்த தண்ணீர்ச் சட்டி வெட்டவெளியில், மாமரத்தின் கீழ்க்கிளைக்கு நேர் எதிரே இருந்தது. வல்லூறுக்கு இலை போட்டுப் பரிமாறியிருக்கிறேன்! சட்டியைச் செம்பருத்தியை ஒட்டி நகர்த்தினேன். உடனே பூனை புதருக்குள் பதுங்க ஆரம்பித்தது. இப்போது புதரிலிருந்து நாலைந்து அடி தள்ளி வைத்திருக்கிறேன். பறந்து ஒளியவும் முடியும், பூனை பாய்வதும் தெரியும். அன்றிலிருந்து ‘டிட்டூ’ என்று குரல் கேட்டால் ஓடி வந்து பார்ப்பேன். பாதி நாள் மின்கம்பியில் உட்கார்ந்திருப்பது கரிச்சான். வல்லூறு மாதிரியே கத்தும், எமகாதகன்.

கோழிக்குஞ்சு விஷயம் வேறு. அதைத் தூக்கியது பருந்து, ஒரே வாரத்தில் இரண்டு. அம்மா திட்டிய திட்டு தெருமுனை வரை கேட்டது. கூட்டைச் சுற்றிப் பழைய நைலான் வலையை விரித்தேன். மறுவாரம் அதில் ஆறடிச் சாரை மாட்டிக்கொண்டது. அசைய அசைய நூல் சதைக்குள் இறங்கியிருந்தது. தலையைக் கோணிச் சாக்கால் மூடி, கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டி எடுக்க முக்கால் மணி நேரம். சாரை, விஷமில்லை என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் போனேன். என்ன பாம்பு என்று தெரியாவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுங்கள். வலையைக் கழற்றிவிட்டு மேலே மட்டும் பழைய சேலை கட்டினோம். பருந்து வருவது நின்றுவிட்டது.

விரட்ட வேண்டுமா என்றால், வல்லூறையோ பருந்தையோ பிடிப்பதும் அடிப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குஞ்சை மூடி வைப்பதுதான் நம் வேலை.

நான் விரட்டியது கூகை என்கிற ஆந்தையை. மோட்டார் அறைப் பரணில் ஒரு மாதம் இருந்தது. கீழே உருண்டை உருண்டையாகக் கக்கிப் போட்டிருக்கும். பிய்த்தால் எலி முடியும் மண்டையோடும். கூகை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று அத்தை ஒரே பிடியாக நின்றார். ஒட்டடைக்கம்பை எடுத்துப் போய்க் கலைத்துவிட்டேன். அது போனபின் கோழித்தீவனத்தில் எலி. மருந்து வைக்கலாம் என்றால், மருந்து தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் தள்ளாடுமாம். அதைப் பிடித்துத் தின்கிற கூகைக்கும் விஷம் ஏறும் என்று கால்நடை மருத்துவரான நண்பர் தடுத்தார்.

கூகை இன்னும் திரும்பவில்லை. நான் தினமும் ராத்திரி மசால்வடை வைத்துப் பொறி வைக்கிறேன். நேற்று ஒன்று விழுந்தது, மூஞ்சூறு.